ஃபேனை நிப்பாட்டிப்போட்டுப் பாடுங்க: வீட்டிலயே பாட்டு ரெக்கோட் பண்ணத் தொடங்குற ஆக்களுக்கு

போன மாசம் என்ட தங்கச்சிட மகன் வீட்ட வந்தான், வந்து குந்தினதும் குந்தாததுமா "மாமா, கொஞ்சம் காசு சேர்த்து வச்சிருக்கன், பாட்டு ரெக்கோட் பண்ண எந்த மைக் வாங்கினா நல்லம்?" எண்டு கேட்டான். பெடியன் நல்லாப் பாடுவான், சின்னச் சின்ன மெட்டும் போடுவான், யூடியூப்ல பாத்துப் பாத்து மைக்குகளிட பேரெல்லாம் பாடமாக்கி வச்சிருக்கிறான். நான் சொன்னன், காசை அப்பிடியே வை, முதல்ல கையில இருக்கிற போன்ல எதையாவது ரெக்கோட் பண்ணிக்கொண்டு வா, அதைக் கேட்டுட்டு மைக் கதையைக் கதைப்பம் எண்டு.

ரெண்டு நாளில கொண்டு வந்தான். என்ட அம்மா, அவனுக்கு அம்மம்மா, எங்கள் எல்லாரையும் தூங்க வச்ச தாலாட்டைப் பாட, உப்புவெளி வீட்டு ஹோலில வச்சு எடுத்திருக்கிறான். அம்மாக்கு இப்ப 78 வயசு. அந்தப் பாட்டைக் கேட்டு எத்தினையோ வருசம், முதல் வரியிலயே எனக்குத் தொண்டை அடைச்சிட்டு. ரெண்டாந்தரம் கேக்கேக்கதான் மற்றதெல்லாம் காதில விழுந்திச்சு. மேல சுத்துற ஃபேன், ரோட்டில பாண் விக்கிற ஓட்டோவிட பாட்டு, காகம், இவ்வளவுக்கும் பின்னால அம்மாட குரல் ஏதோ கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரி. அவன் உடன சொன்னான், "போன் மைக் சரியில்ல மாமா, அதான்."

மைக்கில ஒரு பிழையும் இல்ல. அந்த ஹோலில என்னென்ன சத்தம் இருந்திச்சோ அதை ஒண்டும் விடாம எடுத்துக் குடுத்திருக்கு. எங்கட காதுக்குப் பின்னால மூளை இருக்கு, ஃபேன் போட்டு அஞ்சு நிமிசத்தில அந்தச் சத்தத்தை அது ஒதுக்கிப்போடும், நாங்க அதைக் கேக்கிறதே இல்ல. மைக்குக்கு அப்பிடி ஒதுக்கத் தெரியாது. ரெக்கோட் பண்ணப் பழகுறது எண்டா முதல்ல மைக் கேக்கிற மாதிரிக் கேக்கப் பழகுறது எண்டு நான் அவனுக்குச் சொன்னன், பிறகு ஒரு மாசமா கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லிக் குடுத்ததைத்தான் இங்க எழுதுறன், புதுசாத் தொடங்குற வேற பிள்ளைகளுக்கும் உதவட்டும்.

முதல்ல அந்தக் கிணத்துச் சத்தம். ஹோலில சீமெந்துச் சுவர், கீழ டைல்ஸ், மேல கொங்கிறீட். வாயில இருந்து வாற சத்தம் நேர மைக்குக்கும் போகுது, அதே நேரம் சுவரில, நிலத்தில, கூரையில பட்டுத் தெறிச்சு ஒரு துளி பிந்தியும் மைக்குக்கு வருது. நேர வந்ததும் தெறிச்சு வந்ததும் ஒண்டோட ஒண்டு கலக்கேக்க குரல் தூரப்போய் நிக்கும். இதுக்கு மருந்து துணி. மெத்தை, தலாணி, தடிச்ச போர்வை, கொடியில கிடக்கிற சீலைகள், உடுப்பு நிறைஞ்ச அலுமாரியைத் திறந்து வச்சிட்டு அதுக்கு முன்னால நிண்டு பாடினாலும் சரி. கனபேர் முட்டைத் தட்டுகளைச் சுவரில ஒட்டுறாங்க, அது பெருசா ஒண்டும் செய்யாது, அந்த அட்டை மெல்லிசு. அதோட இன்னொண்டும் விளங்கிக்கொள்ளுங்க, துணி ரூமுக்குள்ள தெறிக்கிற சத்தத்தைத்தான் குடிக்கும், வெளியில இருந்து வாற சத்தத்தை மறிக்காது, அதை மறிக்கத் தடிச்ச சுவரும் இடைவெளி இல்லாத கதவும் வேணும். எங்கட வீடுகளில அது நடக்கிற காரியமில்ல, அதால நாங்க நேரத்தைத்தான் மாத்த வேணும். இப்ப கச்சான் காத்துக் காலம், வெயில் ஏற ஏற அது எழும்பும், யன்னலெல்லாம் அடிபடும், தகரக் கூரை எண்டா சொல்ல வேணாம். விடிய அஞ்சு மணிக்கு ஊரே அமைதியா இருக்கும்.

அடுத்தது தூரம். சத்தத்துக்கு ஒரு குணம் இருக்கு, தூரம் ரெண்டு மடங்கானா நேர வாற சத்தம் 6 டெசிபெல் (சத்தத்தை அளக்கிற அலகு) குறைஞ்சிடும், அதாவது அலையிட உயரம் பாதியாகும். தெறிச்சு வாற சத்தமோ ரூம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில நிக்கும். அதால மைக்கைக் கிட்டக் கொண்டுவந்தா குரல் கூடும், ரூம் குறையும், ஒரு சதம் செலவில்லை. ஒரு சாண் தூரம் நல்ல கணக்கு. அதைவிடக் கிட்டப்போனா 'ப' வாற இடமெல்லாம் காத்து 'டப்' எண்டு மைக்கில மோதும், அதுக்கு மைக்கை வாய்க்கு நேர வைக்காம கொஞ்சம் சரிச்சு, கடவாய்ப் பக்கமா வச்சாப் போதும்.

பிறகு ஒரு ஞாயிறு விடிய, நானும் போனன். அம்மாட படுக்கை ரூம், மெத்தையைத் தூக்கி அவக்குப் பின்னால சுவரோட சாத்தினம், கொடியில நாலு சீலை, கதிரையில ரெண்டு தலாணிக்கு மேல போன், ஃபிளைட் மோட் போட்டு, ஃபேனை நிப்பாட்டி. அம்மா "வேர்க்குதடா" எண்டு சொல்லிச் சொல்லிப் பாடினா. அதே போன்தான், அதே மைக்தான். கேட்டுப் பாக்கேக்க அவ வரி முடியுற இடத்தில மூச்சை இழுக்கிறது கேட்டிச்சு, 'ஆராரோ'க்கு முன்னால நாக்கு அண்ணத்தில தொட்டு விடுற அந்தச் சின்னச் சத்தம்கூடக் கேட்டிச்சு. மருமகன் ஒண்டும் பேசாம ஹெட்போனைக் கழட்டாம மூண்டுதரம் கேட்டான்.

சரி, அந்தக் குரல் போனுக்குள்ள எப்பிடிப் போய் இருக்குது? சத்தம் எண்டது காத்து முன்னுக்கும் பின்னுக்கும் அசையுறது. மிருதங்கத்தில நாங்க தோலை அசைச்சுக் காத்தை அசைக்கிறம், மைக்கில அது மறுபக்கமா நடக்குது, காத்து வந்து ஒரு மெல்லிய தோலை அசைக்க, அந்த அசைவு மின்சாரமா மாறுது. அந்த மின்சாரத்திட உயரத்தை ஒரு செக்கனுக்கு 44,100 தரம் அளந்து நம்பராக் குறிச்சு வைக்கிறதுதான் டிஜிட்டல் ரெக்கோடிங். ஒவ்வொரு அளவையும் சாம்பிள் எண்டு சொல்லுவாங்க. அது ஏன் 44,100? மனுசக் காதுக்குக் கேக்கக்கூடிய ஆகக் கூடின சுருதி செக்கனுக்கு 20,000 அதிர்வு வரைக்கும். ஒரு அலையைப் பிடிக்க அது ஏறுறதில ஒண்டு, இறங்குறதில ஒண்டு எண்டு குறைஞ்சது ரெண்டு அளவாவது வேணும், அப்ப 40,000க்கு மேல போகவேணும், கொஞ்சம் மிச்சமும் வச்சு 1982ல வந்த சிடிக்கு 44,100 எண்டு வச்சாங்க. வீடியோவுக்கு 48,000. பிட் எண்டது அளக்கிற அடிமட்டத்தில எத்தினை கோடு இருக்கு எண்டது, 16 பிட்டில 65,536 கோடு, 24 பிட்டில ஒரு கோடியே 67 லட்சத்துக்கு மேல. 48,000, 24 பிட் எண்டு செட் பண்ணிப்போட்டு இதை மறந்திடுங்க, இதுக்கு மேல நம்பரைக் கூட்டுறதால தொடக்கத்தில ஒரு பிரயோசனமும் இல்ல.

மறக்கக் கூடாதது கெயின். மைக்கில இருந்து வாற மின்சாரம் சரியான சின்னது, அதை எவ்வளவு பெருப்பிச்சு உள்ள எடுக்கிறது எண்டதுதான் கெயின். டிஜிட்டலில 0 டெசிபெல் எண்டது கூரை, அதுக்கு மேல குறிக்க நம்பரே இல்ல. அலை அதைத் தாண்டினா உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிடும், குரல் கிழிஞ்ச மாதிரிக் கேக்கும். இதைக் கிளிப் ஆகுறது எண்டு சொல்லுவாங்க. வெட்டுப்பட்ட உச்சியை எந்த சொஃப்ட்வெயாரும் இருந்தபடி திருப்பித் தராது. எனக்கு இது ஒரு கோயில் திருவிழாவில நடந்தது. நாதஸ்வரக்காரர் சுருதி பாக்க மெல்ல ஊதேக்க நான் அளவைச் சரி பாத்து வச்சிட்டன், அரை மணித்தியாலம் கழிச்சு அவர் தோடியை மேல்ஸ்தாயிக்குக் கொண்டுபோகேக்க, கூடவே தவிலும் ஏற, சத்த அளவு காட்டுற மீட்டர் முழுக்கச் சிவப்பு. வீட்ட வந்து கேட்டா ஆலாபனையிட உச்சி முழுக்கக் கரகரப்பு. அவர் இப்ப வாசிக்கிறதில்ல. அந்த ஆலாபனை எங்களிட்ட இனி இல்ல, அவ்வளவுதான்.

அதால பாடுற ஆளிட்ட "ஆகச் சத்தமாப் பாடுற இடத்தை ஒருக்காப் பாடிக் காட்டுங்க" எண்டு கேளுங்க, அந்த இடத்தில மீட்டர் -12 கிட்ட நிக்கிற மாதிரிக் கெயினை வையுங்க, மேடை ஏறினா எல்லாரும் இன்னும் கொஞ்சம் கூட்டித்தான் பாடுவாங்க, அதுக்கும் இடமிருக்கும். குறைவா எடுத்திட்டமே எண்டு பயப்பிட வேணாம், 24 பிட்டில பிறகு கூட்டலாம். போனில வாற சாதாரண ரெக்கோடர்கள் பொதுவா தாங்களே அளவைக் கூட்டிக் குறைக்கும், நீங்க மெல்லப் பாடுற இடத்தில ரூம் சத்தம் பொங்கி வாறது அதாலதான். கெயினைக் கையால மாத்த விடுற ஆப் ஒண்டைப் போட்டுக்கொண்டா நல்லம்.

இனி சாமான். என்னைக் கேட்டா முதல் வாங்குறது மைக் இல்ல, காதை மூடுற ஹெட்போன். கேக்க முடியாததைத் திருத்த ஏலாது, அதோட காதை மூடாத ஹெட்போன் எண்டா உள்ள ஓடுற தாளச் சத்தம் கசிஞ்சு மைக்குக்குள்ள போயிடும். பிறகு ஒரு ஓடியோ இன்டர்பேஸ், அது மைக்கில இருந்து வாறதைப் பெருப்பிச்சு, நம்பராக்கி, யூஎஸ்பியால லப்டொப்புக்குக் குடுக்கிற சின்னப் பெட்டி, ரெண்டு பேர் பாடி ஒண்டா எடுக்கிறதெண்டா ரெண்டு ஓட்டை உள்ளதா எடுங்க. மைக்கில முக்கியமா ரெண்டு சாதி. கண்டென்சர் மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும், அதுக்கு இன்டர்பேஸில இருந்து 48 வோல்ட் குடுக்கவேணும். டைனமிக் அந்தளவு கூர்மை இல்ல, கிட்ட இருக்கிறதைத்தான் வடிவா எடுக்கும். யூடியூப் எல்லாம் கண்டென்சர் வாங்கு எண்டு சொல்லும், அது துணி அடிச்ச, கதவு மூடின ஸ்டூடியோவுக்குச் சரி. காகமும் ஓட்டோவும் பக்கத்து வீட்டு டிவியும் உள்ள எங்கட வீடுகளுக்கு டைனமிக்தான் தோது. 1966ல இருந்து வாற ஷூர் எஸ்எம்58, கோயில் மேடை, சேர்ச், கலியாண வீடு எண்டு எங்கயும் கண்டிருப்பீங்க, அந்த மாதிரி ஒண்டு வருசக்கணக்கா உழைக்கும். ஆனா போலி கன இருக்கு, தெரிஞ்ச கடையில வாங்குங்க. எடுக்கேக்க 'ம்ம்ம்' எண்டு ஒரு இரைச்சல் அடியில ஓடினா அது கரண்ட், எங்கட கரண்ட் செக்கனுக்கு 50 தரம் முன்னுக்கும் பின்னுக்கும் போய் வருது, அந்த 50தான் கேக்குது. லப்டொப் சார்ஜரைக் கழட்டிப் பாருங்க, கனதரம் அதோட நிண்டிடும்.

இப்ப முக்கியமான இடம், ட்ராக், அதாவது ஒவ்வொரு குரலையும் வாத்தியத்தையும் தனித்தனியாப் பதிஞ்சு வைக்கிறது. பழைய காலத்தில பாட்டுக்காரர், வாத்தியக்காரர் எல்லாரும் ஒரு மைக்கைச் சுத்தி நிண்டு ஒரேயடியாத்தான் பாடி வாசிச்சாங்க, ஒராள் பிழை விட்டா எல்லாரும் திரும்பவும் முதல்ல இருந்து. அமெரிக்காவில லெஸ் போல் எண்ட கிற்றார்காரர் தன்ட வாசிப்புக்கு மேலயே தான் திரும்பத் திரும்ப வாசிச்சு அடுக்கிப் பாத்தார், 1957ல அவருக்காக அம்பெக்ஸ் எண்ட கொம்பனி எட்டு ட்ராக் டேப் மெசின் செஞ்சு குடுத்தாங்க. இண்டைக்கு உங்கட போனில இருக்கிற பேண்ட்லாப் ஆப்ல, காசில்லாம, அதைவிடக் கூட ட்ராக் இருக்கு. லப்டொப் எண்டா ஓடாசிட்டி இலவசம், ரீப்பர் 60 நாள் சும்மா பாவிச்சுப் பாக்கலாம், ஐபோன், மக் வச்சிருக்கிற ஆக்களுக்கு கராஜ்பேண்ட் காசில்லாமலே கிடைக்கும். எதை எடுத்தாலும் யோசனை ஒண்டுதான்.

சமையலை யோசிச்சுப் பாருங்க. எல்லாத்தையும் ஒரு சட்டியில போட்டு அவிச்ச பிறகு உப்புக் கூடிட்டெண்டா ஒண்டும் செய்ய ஏலாது. சோறு, பருப்பு, மீன் குழம்பு, சொதி எண்டு தனித்தனிச் சட்டியில இருந்தா, குழம்பில பிழை எண்டா குழம்பை மட்டும் பாக்கலாம், கோப்பையில போடேக்க ஆருக்கு எவ்வளவு எண்டும் தீர்மானிக்கலாம். குரல் ஒரு ட்ராக், கீபோர்ட் ஒரு ட்ராக், தாளம் ஒரு ட்ராக். கடைசியில கோப்பையில போடுறதுதான் மிக்ஸிங்.

அம்மாட தாலாட்டுக்கு மருமகன் கீபோர்ட் சேர்க்க ஆசைப்பட்டான், கிண்ணியாவில இருக்கிற அவன்ட கூட்டாளி ஒருத்தன் நல்லா வாசிப்பான். அங்கதான் மிடி வந்திச்சு. மிடி எண்டது சத்தமில்ல, குறிப்பு. எந்தக் கட்டை, எப்ப அமத்தினது, எவ்வளவு பலமா, எப்ப விட்டது, அவ்வளவுதான் அதில இருக்கும். நடு சி கட்டைக்கு 60 எண்டு நம்பர், பலத்துக்கு 1ல இருந்து 127. 1983ல ஒரு கொம்பனிட கீபோர்டையும் வேற கொம்பனிட கீபோர்டையும் இணைச்சுக் காட்டினாங்க, அதே பாசையிலதான் இண்டைக்கும் எல்லாம் கதைக்குது. சத்தமில்லாத குறிப்பா இருக்கிறதால, வாசிச்சு முடிச்ச பிறகு வீணையைப் புல்லாங்குழலா மாத்தலாம், பிழையா அமத்தின ஒரு கட்டையை மட்டும் இழுத்துச் சரி பண்ணலாம், கூட்டாளி கிண்ணியாவில இருந்து வட்ஸ்அப்ல அனுப்பினது சில கிலோபைட் பைல், எங்கட பக்கம் விழுந்தது முழு வாசிப்பு.

ஆனா போட்டுப் பாத்தா சேரேல்ல. அம்மா எந்தச் சுருதிப் பெட்டியையும் கேட்டுப் பாடினவ இல்ல, அவட ஷட்ஜம், அதாவது பாட்டு நிக்கிற 'ச', சுருதிக் கணக்கில நாலு கட்டைக்கும் நாலரைக் கட்டைக்கும் நடுவில நிக்குது. மருமகன் அவட குரலை ஓட்டோடியூன் போட்டு நாலரைக்கு ஏத்துவம் எண்டான். வேணாம் எண்டு சொல்லிட்டன், அப்பிடிச் செய்தா அவ ஒரு சுரத்தில இருந்து மற்றதுக்கு வழுக்கிப் போற அந்த வளைவெல்லாம் படிக்கட்டு மாதிரி ஆகிடும், அந்த வளைவிலதான் தாலாட்டே இருக்கு. கீபோர்டிட சுருதியை இறக்கலாமே. அரைக் கட்டைக்கு 100 சென்ட் எண்டு கணக்கு, கீபோர்ட் ட்ராக்கில ஃபைன் டியூன் எண்டு ஒரு திருகு இருக்கும், நாலரையில இருந்து 40 சென்ட் இறக்கினம், அம்மாட குரலுக்குப் பக்கத்தில பாய் விரிச்ச மாதிரிப் போய்ப் படுத்திட்டு. தாளத்துக்கும் இதுதான் என்ட நியாயம். டப்பாங்குத்தோ ரப் பாட்டோ எண்டா கிளிக் (ஹெட்போனில 'டிக் டிக்' எண்டு தாளம் தட்டுற சத்தம்) போட்டுத்தான் எடுக்கவேணும், இல்லாட்டி பிறகு ஒண்டும் சேராது. தாலாட்டு, விருத்தம் எல்லாம் மூச்சுக்கு ஓடுறது, அதுக்குக் கிளிக் போட்டா பாடுற ஆள் மிசினுக்குப் பின்னால ஓடுவார். அதில குரலை முதல் எடுங்க, மற்றவங்க அதைக் கேட்டு வாசிக்கட்டும்.

ட்ராக் மேல ட்ராக் எடுக்கேக்க எல்லாரையும் குழப்புற ஒண்டு இருக்கு, ஹெட்போனில தன்ட குரல் பிந்திக் கேக்கும். இதை லேட்டன்சி எண்டு சொல்லுவாங்க. உப்புவெளிக் கடற்கரையில தூரத்தில ஒராள் வள்ளத்துக்கு ஆணி அடிக்கிறதைப் பாத்திருக்கிறீங்களா? சுத்தியல் விழுந்து திரும்ப எழும்பேக்கதான் 'டொக்' எண்டு கேக்கும். சத்தம் செக்கனுக்கு 345 மீற்றர் அளவிலதான் ஓடும், ஒரு மீற்றருக்குக் கிட்டத்தட்ட 3 மில்லிசெக்கன். கம்பியூட்டர் சாம்பிள்களை ஒவ்வொண்டாப் பாக்காம வாளியில நிரப்பி நிரப்பித்தான் தூக்கும், அந்த வாளிதான் பஃபர். 48,000ல 128 சாம்பிள் வாளி நிரம்ப 3 மில்லிசெக்கனுக்குக் கொஞ்சம் குறைவு, போக ஒண்டு வர ஒண்டு எண்டு ரெண்டு வாளி, நீங்க ரெண்டு மீற்றர் தள்ளி நிண்டு கேக்கிற மாதிரி, அது பரவாயில்ல. 1024 எண்டா ஒரு வாளிக்கு 21 மில்லிசெக்கன், ரெண்டு வாளியும் சேர்ந்து 43. உங்கட குரலையே ரோட்டுக்கு அந்தப் பக்கம் 15 மீற்றர் தள்ளி நிண்டு கேட்டுக்கேட்டுப் பாடுற மாதிரி, ஆருக்கும் தாளம் தவறும். அதால எடுக்கேக்க பஃபரை 128க்கு இறக்குங்க, மிக்ஸ் பண்ணேக்க லப்டொப் திணறாம 1024க்கு ஏத்துங்க. இன்டர்பேஸில டைரக்ட் மொனிட்டர் எண்டு ஒரு பட்டன் இருந்தா அதை அமத்தினா குரல் கம்பியூட்டருக்குப் போகாமலே நேர காதுக்கு வரும். புளூடூத் ஹெட்போன் மட்டும் இந்த வேலைக்கு வேணவே வேணாம், அதில பிந்துறது இன்னும் கனக்க.

மிக்ஸிங் பற்றித் தனியா எழுதவேணும், இப்போதைக்கு இவ்வளவு. முதல்ல ஒரு எஃபெக்டும் போடாம ட்ராக்குகளிட சத்தத்தை மட்டும் ஏத்தி இறக்கிப் பாருங்க, பாதி வேலை அதிலயே முடிஞ்சிடும். ஈக்யூ எண்டது அடிச் சுருதி, மேல் சுருதி எண்டு பிரிச்சுக் கூட்டிக் குறைக்கிற கருவி, குரலில செக்கனுக்கு 80 அதிர்வுக்குக் கீழ உள்ளதை அதில வெட்டினா அடியில உருளுற இரைச்சல் போகும், குரலுக்கு ஒண்டும் ஆகாது. கம்பிரசர் எண்டது சத்தம் கூடுற இடத்தை மட்டும் அமத்துற கை, 4க்கு 1 எண்டா நீங்க வச்ச கோட்டுக்கு மேல 4 டெசிபெல் ஏறினதை 1 ஆக்கும். ரிவேர்ப்பை (ரூம் எதிரொலி மாதிரிச் சேர்க்கிற எஃபெக்ட்) உங்களுக்குப் பிடிச்ச அளவுக்குப் போட்டுட்டு அதில பாதியாக் குறையுங்க. முடிஞ்சதும் போன் ஸ்பீக்கரில ஒருக்கா, தெரிஞ்ச ஓட்டோக்காரரிட செட்டில ஒருக்கா கேளுங்க, சனம் அதிலதான் கேக்கும். மூலப் பைல் எல்லாம் சுருக்காத வேவ் பைலாகவே இருக்கட்டும், ஒரு மைக்கால எடுத்த மோனோ ட்ராக் நிமிசத்துக்கு 8, 9 மெகாபைட்தான், ரெண்டு இடத்தில வையுங்க.

போன கிழமை சேர்த்து முடிச்சதை அம்மாட காதில ஹெட்போனை வச்சுப் போட்டம். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு வந்தவ ஒரு இடத்தில கையைத் தூக்கி நிப்பாட்டச் சொன்னா. "இதில மாமன் வாற வரியை விட்டுட்டன், மாமன் இல்லாம என்ன தாலாட்டு" எண்டு சொல்லி அந்த வரியை அப்பவே பாடிக் காட்டினா. பாட்டு முழுக்கத் திரும்ப எடுக்கத் தேவையில்ல, அந்த இடத்தை வெட்டி அகட்டி, புது வரியை மட்டும் எடுத்து உள்ள சேர்க்கலாம், ட்ராக்கிட வசதியே அதுதான். ஆனா ரூம், தூரம், நேரம் மூண்டும் பழையபடி இருக்கவேணும், இல்லாட்டி அந்த ஒரு வரி மட்டும் வேற வீட்டில இருந்து வந்த மாதிரி நிக்கும். மருமகன் போனில இருந்த படத்தைப் பாத்துக் கதிரை நிண்ட இடத்தில நாலு காலுக்கும் சோக்கட்டியால வட்டம் கீறி வச்சிருக்கிறான், ஞாயிறு விடிய அஞ்சு மணிக்கு எடுக்கிறம்.